ஒரு சூப், மூன்று பதார்த்தம்... ஜப்பானின் ‘கைசெகி’ விருந்துக்குப் பின்னால் ஒரு மரண உத்தரவு! யார் இந்த சென் நோ ரிக்யூ?

கியோட்டோவில் ஒரு பழைய ‘ர்யோகான்’. அதாவது, ஜப்பானியப் பாரம்பரிய விடுதி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் தரையெல்லாம் டடாமி பாய். வெந்நீரில் குளித்துவிட்டு, விடுதி கொடுக்கும் பருத்தி யுகாட்டாவைக் கட்டிக்கொண்டு தாழ்வான மேஜை முன் உட்கார்ந்தால் ராத்திரி சாப்பாடு வர ஆரம்பிக்கும்.

எல்லாம் ஒரே தட்டில் வராது. முதலில் இரண்டு வாயில் முடிந்துவிடும் சின்னப் பதார்த்தம். அப்புறம் பச்சை மீன் துண்டுகள். மூடி போட்ட கிண்ணத்தில் சூப். சுட்ட மீன், வேகவைத்த காய்கறி, பொரித்தது, புளிப்பானது என ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். கடைசியில்தான் சோறு, மிசோ சூப், ஊறுகாய். முடிவாக ஒரு துண்டு பழம். இதற்குப் பெயர் ‘கைசெகி’. பத்துப் பன்னிரண்டு வகைகள் வருவதெல்லாம் சர்வ சாதாரணம்.

ஆனால், இந்தப் பெயரையும் இந்த விருந்தின் அழகையும் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனால், சுமார் 430 வருடங்களுக்கு முன்னால் வாழ்ந்த ஒரு மனிதரிடம் போய் நிற்கும். அவர் விருந்தாளிக்கு வைத்தது ஒரு சூப், இரண்டு அல்லது மூன்று பதார்த்தம். அவ்வளவுதான். நாட்டையே ஆண்டவர் வந்தாலும் அந்தக் கணக்கைப் பெரிதாக மீறக்கூடாது என்பது அவர் பின்பற்றிய வழி.

அந்த மனிதர் சென் நோ ரிக்யூ. அவரைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடிய அதே ஆட்சியாளர்தான், கடைசியில் அவரை வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகச் சொல்லி உத்தரவிட்டார். ஏன்? அப்படி என்ன நடந்தது?

மீன் வியாபாரி வீட்டுப் பையன்

1522-ல் ஒசாகாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சகாய் என்ற துறைமுக ஊரில் பிறந்தார் ரிக்யூ. சின்ன வயதுப் பெயர் யோஷிரோ. அப்பா ஊரில் வசதியான மீன் மொத்த வியாபாரி. கிடங்குகளும் வைத்திருந்தார்.

அன்றைய சகாய் சாதாரண ஊர் இல்லை. ஜப்பான் முழுக்கப் பிரபுக்கள் ஒருவரோடு ஒருவர் போர் செய்துகொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் ஊரைச் சுற்றி அகழி வெட்டி, காவலுக்கு ஆள் வைத்து, தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டார்கள் சகாய் வியாபாரிகள். சீனாவோடு வணிகம், துப்பாக்கி உற்பத்தி எனப் பணம் கொழித்த ஊர்.

பணம் இருக்கும் இடத்தில் பொழுதுபோக்கும் இருக்கும் இல்லையா? சகாய் பெரும்புள்ளிகளின் பொழுதுபோக்கு, தேநீர். இங்கே தேநீர் என்றால் பால் ஊற்றிய டீ கிடையாது. இன்று உலகம் முழுக்கப் பிரபலமாக இருக்கும் ‘மட்சா’. தேயிலையை மாவாக அரைத்து, வெந்நீர் விட்டு மூங்கில் மத்தால் கலக்கிக் குடிப்பது. சீனாவிலிருந்து வந்த விலை உயர்ந்த கிண்ணங்களையும் ஜாடிகளையும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ள அது ஒரு சாக்கு. ஒரு நல்ல தேநீர் ஜாடிக்காக ஒரு கோட்டையையே விலை பேசலாம் என்ற அளவுக்கு அந்தப் பித்து இருந்தது.

யோஷிரோவும் பதின்ம வயதிலேயே இந்தப் பக்கம் வந்துவிட்டார். முதலில் கிதாமுகி டோச்சின், பிறகு தகேனோ ஜோஓ என இரண்டு ஆசான்களிடம் கற்றார். ஜென் பௌத்தமும் படித்தார். சோஎகி என்ற பெயர் அந்த வழியில் கிடைத்தது. ரிக்யூ என்ற பெயர் வந்தது ரொம்பப் பின்னால், 60 வயதைத் தாண்டிய பிறகு.

ஆசான் ஜோஓவுக்கு ஒரு கொள்கை இருந்தது. பகட்டு வேண்டாம். குறையுள்ள, எளிமையான, பழசாகிப்போன பொருளிலும் அழகு உண்டு. ஜப்பானியர்கள் இதை ‘வாபி’ என்பார்கள். இந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு அதன் எல்லை வரைக்கும் போனவர் ரிக்யூ.

பார்க்கத்தான் சாப்பாடு, சாப்பிட இல்லை!

ரிக்யூ என்ன மாற்றினார் என்று புரிய வேண்டுமென்றால், அன்றைய பெரிய மனிதர் வீட்டு விருந்து எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு ‘ஹொன்சென்’ என்று பெயர். விருந்தாளி முன்னால் கால் வைத்த தட்டுகள் வரிசையாக வந்து இறங்கும். மூன்று, ஐந்து, சில நேரம் ஏழு தட்டுகள் வரைக்கும் போகும். யார் எவ்வளவு பெரிய ஆள் என்பதைத் தட்டுகளின் எண்ணிக்கையே சொல்லிவிடும். அதில் பல பதார்த்தங்கள் வெறும் அலங்காரம். கண்ணால் பார்க்கத்தான். பெரிய சமையற்கட்டிலிருந்து சடங்கு முறைப்படி நடந்து வந்து சேர்வதற்குள் சூடும் போய்விடும். 1582-ல் ஒடா நொபுநாகா தன் கூட்டாளி டொகுகவா இயேயாசுவுக்கு அசுச்சி கோட்டையில் கொடுத்த விருந்து இந்த வகைக்குப் பேர்போனது.

அதாவது, அந்தச் சாப்பாடு வயிற்றுக்கானது இல்லை. விருந்து வைப்பவரின் அதிகாரத்தைக் காட்டுவதற்கானது.

தேநீர்க் கூடத்தில் சாப்பாடு எதற்கு? காரணம் ரொம்ப எளிது. அங்கே கொடுக்கும் கெட்டியான மட்சாவை வெறும் வயிற்றில் குடித்தால் தாங்காது. அதனால் முதலில் கொஞ்சம் சாப்பாடு. தேநீர்தான் முக்கியம், சாப்பாடு அதற்கு வழிவிடத்தான். இந்த ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டு ஜோஓவும் அவருக்குப் பின் ரிக்யூவும் ஹொன்சென் பகட்டை வெட்டித் தள்ளினார்கள்.

அவர்கள் வழியில் வந்த சாப்பாட்டின் விதிகளைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். சாப்பிடக்கூடியதை மட்டும் வை. சூடாக இருக்க வேண்டியதைச் சூடாகக் கொண்டு வா. சாப்பிட்டு முடிக்கும் அளவுக்கு மட்டும் வை. அந்தப் பருவத்தில், அந்த இடத்தில் கிடைப்பதைச் சமை. இன்றைக்குக் கேட்டால் ‘இதில் என்ன பெரிய விஷயம்?’ என்று தோன்றும். பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானியப் பிரபுக்களுக்கு இது தலைகீழ் மாற்றம்.

ரிக்யூ பெயரில் கிடைத்திருக்கும் தேநீர்க் கூடல் குறிப்புகளில் அவர் கொடுத்த சாப்பாட்டுப் பட்டியல்களும் இருக்கின்றன. சோறு, சூப், கொஞ்சம் மீன், காய்கறி. இனிப்புக்கு அடிக்கடி வருவது ‘ஃபுனோயாகி’. கோதுமை மாவைக் கரைத்து, நம்ம ஊர் கோதுமை தோசை மாதிரி மெல்லிசாக ஊற்றி, மேலே மிசோ தடவிச் சுருட்டியது. சர்க்கரை அபூர்வமாக இருந்த காலம் என்பதால் இதுவே ‘ஸ்வீட்’. நாட்டின் உச்சியில் இருந்தவர்களோடு பழகியவர் வைத்த விருந்து இது!

எப்படிப் பரிமாறுவார்கள்?

ரிக்யூ வழியில் வந்த தேநீர்ப் பள்ளிகளில் இன்றும் இந்தச் சாப்பாட்டை முறைப்படி பரிமாறுகிறார்கள். இதன் முழு வரிசை அவர் காலத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உருவானது. ஆனால் அடிப்படை அவருடையதுதான்.

முதலில் கால் இல்லாத ஒரு சின்னத் தட்டு வரும். அதில் ஒரு கிண்ணத்தில் சோறு, ஒன்றில் மிசோ சூப், இரண்டுக்கும் பின்னால் ஒரு சின்னப் பதார்த்தம். பெரும்பாலும் மீன். சோறு இரண்டு மூன்று வாய்தான் இருக்கும். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய, ஈரம் வற்றாத சோறு. உங்களுக்காகவே இப்போதுதான் வெந்தது என்று சொல்லாமல் சொல்லும் முறை அது.

அடுத்து, மூடி போட்ட கிண்ணத்தில் தெளிந்த ரசத்தோடு வேகவைத்த பதார்த்தம். இதுதான் சாப்பாட்டின் உச்சம். அப்புறம் சுட்ட மீன் ஒரே பாத்திரத்தில் வரும். ஒவ்வொருவரும் தனக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். ஒரு சூப், மூன்று பதார்த்தம் என்ற கணக்கு இங்கே முடிந்தது.

பிறகு சாப்ஸ்டிக்கைக் கழுவுவது போல ஒரு வாய் மெல்லிய சூப். அதற்கப்புறம் ‘ஹஸ்ஸுன்’. சுமார் 24 சென்டிமீட்டர் சதுரமான தேவதாரு மரத் தட்டு. அதில் கடலில் கிடைத்தது ஒன்று, மலையில் கிடைத்தது ஒன்று. வீட்டுக்காரரும் விருந்தாளிகளும் ‘சாக்கே’ என்ற அரிசி மதுவைப் பகிர்ந்துகொள்வது இந்த நேரத்தில்தான்.

கடைசியில் வருவது பாத்திரத்தின் அடியில் தீய்ந்து பிடித்த சோறு. அதில் லேசாக உப்புப் போட்ட வெந்நீர் ஊற்றி, ஊறுகாயோடு கொடுப்பார்கள். விருந்தாளிகள் அந்த நீராலேயே கிண்ணத்தை அலசிக் குடித்து, காகிதத்தால் துடைத்து வைக்க வேண்டும். ஒரு பருக்கை கூட வீணாகாது. எல்லோரும் முடித்ததும் சாப்ஸ்டிக்குகளை ஒரே நேரத்தில் தட்டுக்குள் விழ விடுவார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்காரருக்கு, சாப்பாடு முடிந்தது என்று அந்தச் சத்தமே தகவல் சொல்லிவிடும்.

ஆமாம், வீட்டுக்காரர் கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டார். பரிமாறுவது அவர் வேலை. அவர் எவ்வளவு பெரிய பிரபுவாக இருந்தாலும் சரி. விருந்தாளிகளுக்கான சாப்ஸ்டிக்குகளை அன்று காலையில் ரிக்யூ தன் கையாலேயே தேவதாரு மரத்தில் சீவி வைப்பார் என்று ஒரு மரபுக் கதை உண்டு. இரண்டு முனையும் மெலிந்த அந்த வகைச் சாப்ஸ்டிக்குக்கு இன்றும் ஜப்பானில் பெயர் ‘ரிக்யூ பாஷி’.

ஒரு மீன் கேக் விஷயம்

எளிமையாக இருப்பதும் எளிமையாக இருப்பதாகக் காட்டிக்கொள்வதும் ஒன்றா? இதைப் பற்றி ரிக்யூ பெயரில் ஒரு கதை இருக்கிறது. அவர் இறந்து நூறு வருடங்களுக்கு மேல் கழித்து எழுதப்பட்டது. அப்படியே நடந்ததா என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஜப்பானில் அதிகம் சொல்லப்படும் கதை.

குளிர்காலத்தில் ஒருநாள். ஒசாகாவிலிருந்து கியோட்டோவுக்குப் போகும் வழியில், மொரிகுச்சி என்ற இடத்தில் தேநீரில் ஆர்வம் உள்ள ஒருவர் வீட்டில் இறங்கினார் ரிக்யூ. முன்கூட்டியே சொல்லவில்லை. வீட்டுக்காரர் அன்போடு வரவேற்றார். கொஞ்ச நேரத்தில் தோட்டத்தில் விளக்கு வெளிச்சம். அவரே ஒரு கழியை எடுத்துக்கொண்டு போய், மரத்திலிருந்து எலுமிச்சை வகைப் பழமான யூசுவைப் பறித்துக்கொண்டு வந்தார். அதை வைத்து மிசோ தொட்டுக்கை செய்து பரிமாறினார். ரிக்யூவுக்கு மனசு நிறைந்துவிட்டது. திடீரென்று வந்த விருந்தாளிக்கு வீட்டுத் தோட்டத்தில் இருப்பதைப் பறித்துக் கொடுப்பதை விடப் பெரிய விருந்து உண்டா?

அடுத்து வந்தது கமாபோகோ. மீனை அரைத்து வேகவைத்துச் செய்யும், அந்தக் காலத்தில் விலை உயர்ந்த மீன் கேக். ஒசாகாவிலிருந்து வந்தது என்று பெருமையாகப் பரிமாறினார் வீட்டுக்காரர்.

ரிக்யூவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இது திடீர் விருந்துக்கு வீட்டில் இருக்கும் பொருள் இல்லை. அவர் வருவது முன்பே தெரிந்திருக்கிறது. ஏற்பாடெல்லாம் செய்துவிட்டு, எதுவும் தெரியாதது போல விளக்கு, கழி, யூசு என நடித்திருக்கிறார் மனிதர். கியோட்டோவில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் எவ்வளவோ கெஞ்சியும் கேட்காமல் சாப்பாட்டின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார் ரிக்யூ.

கேட்பதற்குக் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கிறது. நல்லபடியாகச் சாப்பாடு போட்டவரை இப்படியா நோகடிப்பது என்றும் தோன்றலாம். ஆனால் பல தலைமுறைகள் இந்தக் கதையைச் சொல்லி வந்ததற்குக் காரணம், விருந்தின் தரத்தைப் பதார்த்தத்தின் விலையில் இல்லாமல் அதன் உண்மையில் அளக்கும் பார்வை இதில் இருப்பதுதான்.

தலைகுனிந்துதான் உள்ளே வர வேண்டும்!

சாப்பாட்டில் செய்ததையே கட்டடத்திலும் செய்தார் ரிக்யூ. கியோட்டோவுக்குத் தெற்கே யமாசாகியில், மியோகிஆன் கோயிலில் ‘தைஆன்’ என்ற தேநீர்க் கூடம் இன்றும் இருக்கிறது. சுமார் 1582-ல் அவர் அமைத்ததாகக் கருதப்படுகிறது. ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று. அதன் பரப்பு எவ்வளவு தெரியுமா? இரண்டே இரண்டு பாய். கிட்டத்தட்ட 6 அடிக்கு 6 அடி. மண் சுவர், மங்கலான வெளிச்சம்.

உள்ளே போகக் கதவு கிடையாது. சுமார் இரண்டடி உயர, இரண்டடி அகல ஓட்டை மாதிரி ஒரு வழி. மண்டியிட்டு, தலையைக் குனிந்து தவழ்ந்துதான் போக வேண்டும். இடுப்பில் வாளோடு நுழைய முடியாது. வாளை வெளியே மாட்டிவிட்டு வர வேண்டும். ஆற்றில் போகும் படகின் சின்ன வாசலைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்ததாக ஒரு கதை உண்டு.

வெளியே அவர் பிரபு, இவர் வியாபாரி. உள்ளே இருவரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஒரே கிண்ணத்தில் தேநீர் குடிக்க வேண்டும். சீனாவிலிருந்து வந்த விலை உயர்ந்த கிண்ணங்களுக்குப் பதிலாக, சோஜிரோ என்ற உள்ளூர் கைவினைஞர் சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்த கறுப்புக் கிண்ணங்களைப் பயன்படுத்தினார் ரிக்யூ. அவைதான் பின்னாளில் ‘ராகு’ என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றன.

எது உயர்ந்தது, எது மட்டமானது என்று அதுவரை அதிகாரமும் பணமும் முடிவு செய்தன. இப்போது ஒரு வியாபாரியின் ரசனை முடிவு செய்ய ஆரம்பித்தது. சிக்கலும் இங்கேதான் தொடங்கியது.

ஆட்சியாளரின் ஆசான்

சகாயின் சுதந்திரம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1568-ல் கியோட்டோவைப் பிடித்த நொபுநாகா, சகாய் வியாபாரிகளிடம் பெரும் தொகையைப் போர் வரியாகக் கேட்டார். முதலில் முறைத்துப் பார்த்த ஊர், பிறகு பணிந்தது. அவருடைய தேநீர் ஆசான்களாகச் சேர்ந்த சகாய்க்காரர்களில் ரிக்யூவும் ஒருவர். 1582-ல் சொந்தத் தளபதியின் துரோகத்தால் நொபுநாகா இறந்துபோக, அவர் இடத்துக்கு வந்தார் டொயொடோமி ஹிதேயோஷி.

ஹிதேயோஷியின் கதையே ஒரு சினிமா. சாதாரணக் குடும்பத்தில் பிறந்து, நொபுநாகாவிடம் எடுபிடி வேலையிலிருந்து தளபதி வரை உயர்ந்து, கடைசியில் ஜப்பானையே ஒன்றுசேர்த்தவர். பிறப்பால் கிடைக்காத மரியாதையைச் சம்பாதிக்க அவருக்குத் தேநீர் தேவைப்பட்டது. அதற்கு ரிக்யூ தேவைப்பட்டார்.

1585-ல் அரண்மனையில் பேரரசர் ஓகிமாச்சிக்குத் தேநீர் கொடுத்தார் ஹிதேயோஷி. உதவிக்கு நின்றவர் ரிக்யூ. வியாபாரி என்ற நிலையில் அரண்மனைக்குள் நுழைய முடியாது என்பதால், பேரரசரின் பெயரால் அவருக்குக் கொடுக்கப்பட்ட பௌத்தப் பட்டம்தான் ‘ரிக்யூ’. அவருக்கு மானியம் 3,000 கொகு. ஒரு கொகு என்பது சுமார் 150 கிலோ அரிசி.

செல்வாக்கு அதைவிடப் பெரியது. 1586-ல் உதவி கேட்டு ஒசாகா கோட்டைக்கு வந்தார் ஒடோமோ சோரின் என்ற பிரபு. அவரிடம் ஹிதேயோஷியின் தம்பி ஹிதேநாகா ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்பினார். வெளி விவகாரம் என்றால் தன்னிடம் வரலாம், உள் விவகாரம் என்றால் ரிக்யூவைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அது. மீன் வியாபாரி மகன் ஆட்சியின் அந்தரங்கத்துக்குள் இருந்தார்.

ஆனால் இருவர் ரசனையும் எதிரெதிர். அதே 1586-ல், அரண்மனைக்குள் கழற்றி மாட்டக்கூடிய ஒரு தேநீர் அறையைக் கொண்டுபோய் வைத்தார் ஹிதேயோஷி. சுவர், கூரை, பாத்திரம் எல்லாம் தங்கம்! இந்தப் பக்கம் மண் சுவர். அந்தப் பக்கம் தங்கச் சுவர். அந்தத் தங்க அறையிலும் ரிக்யூவின் பங்கு இருந்திருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அதிகாரத்தின் நிழலில் இருந்துகொண்டே எளிமையைப் பேசியவர் அவர். அந்த முரண்பாட்டிலிருந்து அவராலும் தப்ப முடியவில்லை.

1587-ல் கியோட்டோவின் கிடானோ கோயில் வளாகத்தில் பிரமாண்ட தேநீர் விழா. பிரபு, வியாபாரி, விவசாயி யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரு கெட்டில், ஒரு கிண்ணம் இருந்தால் போதும். தேயிலை இல்லையா? வறுத்த தானியப் பொடியைக் கரைத்துக் கொடுத்தாலும் சரி என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள். ஹிதேயோஷியும் ரிக்யூவும் தங்கள் கையாலேயே மக்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். பத்து நாள் நடப்பதாக இருந்த விழா ஒரே நாளில் முடிந்துபோனது. தெற்கே கலகம் வெடித்ததுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது.

அந்தக் கடைசி இரண்டு மாதங்கள்

1590-ல் முதல் இடி விழுந்தது. ரிக்யூவின் நெருங்கிய சீடர் யமானோஉயே சோஜி, ஹிதேயோஷியின் கோபத்துக்கு ஆளாகிக் கொடூரமாகக் கொல்லப்பட்டார். 1591 தொடக்கத்தில், ரிக்யூவுக்குப் பாதுகாப்பாக இருந்த ஹிதேநாகா நோயில் இறந்தார். அடுத்த சில வாரங்களில் கியோட்டோவை விட்டு சகாய் போய் வீட்டுக் காவலில் இருக்க வேண்டும் என்று ரிக்யூவுக்கு உத்தரவு வந்தது.

குற்றச்சாட்டு என்ன? இரண்டு காரணங்கள் வெளியே பேசப்பட்டன. ஒன்று, டைதொகுஜி கோயிலின் பெரிய வாசலுக்கு மேல்தளம் கட்ட ரிக்யூ பணம் கொடுத்திருந்தார். நன்றிக்காகக் கோயில்காரர்கள் அவருடைய மரச்சிலையை மேலே வைத்தார்கள். அப்படியானால் அந்த வாசலைக் கடக்கும் ஹிதேயோஷி, ஏன், பேரரசரின் தூதர்களே கூட, ரிக்யூவின் காலடியில் நடக்க வேண்டுமா? இரண்டு, சாதாரணத் தேநீர்ப் பாத்திரங்களைக் கொள்ளை விலைக்கு விற்றார் என்பது.

உண்மைக் காரணம் இதுதானா என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அடுத்த வருடம் தொடங்கவிருந்த கொரியப் படையெடுப்பை எதிர்த்தார், அரசியல் கோஷ்டிச் சண்டையில் சிக்கினார், அவருடைய மகளை ஹிதேயோஷி கேட்டு இவர் மறுத்தார் எனப் பல கதைகள். எதற்கும் முடிவான ஆதாரம் இல்லை.

ஆனால் அந்த இரண்டு குற்றச்சாட்டுகளையும் கூர்ந்து பார்த்தால் ஒன்று புரியும். இரண்டுமே ஒரே கேள்விதான். யார் மேலே, யார் கீழே? எதற்கு எவ்வளவு மதிப்பு? இதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு? பிரபுக்களைக் குனிந்து நுழைய வைத்தவர் மேல், ஆட்சியாளரையே காலடியில் நடக்க வைக்கப் பார்த்தார் என்ற பழி. மண் கிண்ணத்துக்கு மதிப்பு உண்டு என்று சொன்னவர் மேல், மதிப்பே இல்லாததை விலைக்கு விற்றார் என்ற பழி.

ரிக்யூ சகாய்க்குப் படகில் கிளம்பிய அன்று, ஆட்சியாளரின் கோபத்துக்குப் பயந்து பெரும்பாலானவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. யோடோ ஆற்றங்கரைக்கு வந்து வழியனுப்பியவர்கள் இரண்டே சீடர்கள். பிரபுக்களான ஹொசோகாவா தடாஓகியும் ஃபுருதா ஒரிபேயும்.

மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்கள் என்று வேண்டப்பட்டவர்கள் முயன்றதாகவும், ரிக்யூ மறுத்துவிட்டதாகவும் மரபு சொல்கிறது. திரும்ப கியோட்டோவுக்கு அழைத்து வரப்பட்டார். சீடர்கள் யாராவது காப்பாற்றிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அவருடைய வீட்டைப் படை சூழ்ந்து நின்றது. 1591 ஏப்ரல் 21 அன்று, உத்தரவுப்படி தன் உயிரை முடித்துக்கொண்டார் ரிக்யூ. ஜப்பானியக் கணக்கில் வயது 70. அந்தக் கோயில் வாசல் மரச்சிலையையும் விட்டுவைக்கவில்லை. அதை நடுத்தெருவில் கட்டி, மக்கள் பார்க்க நிறுத்தினார்கள்.

கடைசி நாட்களில் ரிக்யூ தன் கையால் சீவிய மூங்கில் தேநீர்க் கரண்டி ஒன்று ஒரிபேயிடம் போய்ச் சேர்ந்தது. ‘கண்ணீர்’ என்று பெயர் வைத்து, ஜன்னல் வெட்டிய ஓர் உறையில் அதை வைத்து வணங்கி வந்தார் ஒரிபே. நகோயாவில் உள்ள டொகுகவா கலை அருங்காட்சியகத்தில் அந்தக் கரண்டி இன்றும் இருக்கிறது. ஒரிபேயின் முடிவும் இதேதான். 1615-ல் வேறொரு ஆட்சியில் அவரும் உயிரை விட உத்தரவிடப்பட்டார்.

எப்படி விடுதிச் சாப்பாடானது?

ரிக்யூவின் வளர்ப்பு மகன் ஷோஆனுக்கு வடக்கே ஐசுவில் ஒரு பிரபு அடைக்கலம் கொடுத்தார். சில வருடங்களில் கோபம் தணிந்து, குடும்பம் கியோட்டோ திரும்ப அனுமதி கிடைத்தது. பேரன் சோதான், அதிகாரத்தில் இருப்பவர்களிடம் வேலைக்கே போகாமல் ஏழ்மையில் தேநீர்க் கலையைக் காப்பாற்றினார். அவருடைய மூன்று மகன்கள் வழியாக வந்தவைதான் ஒமோதேசென்கே, உராசென்கே, முஷாகோஜிசென்கே என்ற மூன்று தேநீர்ப் பள்ளிகள்.

‘கைசெகி’ என்ற சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது. உச்சரிப்பு ஒன்று, எழுத்து இரண்டு. ஒன்றின் பொருள் ‘கூடி உட்காருவது’. ரிக்யூ காலத்தில் பயன்பட்டது இதுதான். இன்னொன்றின் பொருள் ‘மார்பில் வைத்த கல்’. பசியையும் குளிரையும் தாங்க ஜென் துறவிகள் சூடான கல்லை உடைக்குள் வைத்துக்கொள்வார்கள். அந்தக் கல் அளவுக்குப் பசியை ஆற்றினால் போதும் என்ற கருத்து. இந்த எழுத்து ரிக்யூ இறந்து சுமார் நூறு வருடம் கழித்துத்தான் புழக்கத்துக்கு வந்தது.

இன்று ‘கல்’ கைசெகி என்றால் தேநீரோடு வரும் எளிய சாப்பாடு. அதில் சோறு முதலில் வரும். ‘கூடி உட்காரும்’ கைசெகி, எடோ காலத்தில் கவிதைக் கூட்டங்களிலும் உணவகங்களிலும் மது விருந்தாக வளர்ந்தது. குடித்து முடித்த பிறகுதான் சோறு என்பதால், அதில் சோறு கடைசியில் வரும். ர்யோகான்களில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். 1818-ல் தொடங்கிய ஹீராகியா, மூன்று நூற்றாண்டுகளைத் தாண்டிய தவாராயா போன்ற கியோட்டோ விடுதிகள் இதற்குப் பேர்போனவை. 2013-ல் ஜப்பானிய உணவு மரபான ‘வாஷோகு’ யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

ஒரு சூப், மூன்று பதார்த்தம் என்ற கணக்கை விடுதி விருந்து எப்போதோ தாண்டிவிட்டது. பத்து வகை வைக்கும் இடத்தில் ரிக்யூ உட்கார்ந்தால் என்ன செய்வார் என்பது சுவாரசியமான கேள்விதான். ஆனாலும் அவருடைய சில விதிகள் அங்கேயும் உயிரோடு இருக்கின்றன. சூடானது சூடாக வரும். வசந்தத்தில் மூங்கில் குருத்து, கோடையில் ஆயு மீன், இலையுதிர் காலத்தில் மட்சுடாகே காளான் எனப் பருவம் தட்டில் தெரியும். பதார்த்தத்துக்கு ஏற்றபடி கிண்ணம் மாறும்.

இன்றும் ஒவ்வொரு மார்ச் மாதக் கடைசியிலும் தேநீர்ப் பள்ளிகள் ரிக்யூவின் நினைவு நாளை அனுசரிக்கின்றன. அன்று அவர் படத்துக்கு முன் வைப்பது விலை உயர்ந்த மலர் எதுவும் இல்லை. வயலில் தானாகப் பூத்துக் கிடக்கும் மஞ்சள் கடுகு வகைப் பூ. அந்த நாள் வரும் வரைக்கும் அந்தப் பூவைத் தேநீர்க் கூடத்தில் வைக்காமல் அவருக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு. தங்க அறை கட்டிய ஹிதேயோஷியின் வம்சம், ரிக்யூ இறந்த 24 வருடங்களில், 1615-ல் ஒசாகா கோட்டையோடு அழிந்துபோனது. அவர் கட்டிய தங்க அறையும் இன்று இல்லை. அருங்காட்சியகங்களில் இருப்பவை மறுபடி செய்யப்பட்ட மாதிரிகள். யமாசாகியில் அந்த இரண்டு பாய் மண் கூடம் மட்டும் அப்படியே இருக்கிறது.